தந்தமுள்ள யானையும் நாம் தடுக்கி விழும் இடங்களும்

வனவிலங்குப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுத வந்திருக்கும் ஒரு தம்பி நேற்று தன் பிரதியைப் பார்க்கக் கொடுத்தான். யானை வரும் இடமெல்லாம் பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே கோளாறுகள். ஒற்றுப்பிழைகளை விட்டுவிடுகிறேன், அதை யாரும் திருத்தலாம்.

தந்த யானை

'காட்டோரம் தந்த யானை நின்றது' என்று எழுதியிருந்தான். யார் தந்த யானை? அப்படிப் படிக்காவிட்டால், தந்தத்தில் கடைந்த பொம்மை யானை. 'தந்தமுள்ள யானை' என்று எழுதுங்கள். சுருக்கமாக வேண்டுமென்றால் கொம்பன் இருக்கிறானே.

அந்தக் கொம்பனில்தான் வம்பு

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஆப்பிரிக்க யானைக் கூட்டம் பற்றிய படம். மூலத்தில் 'தந்தமுள்ள' என்ற பொருளில் ஓர் அடைமொழி. காட்சியைப் பார்க்காமல், தாளை மட்டும் வைத்துக்கொண்டு 'கொம்பன்' என்று போட்டுவிட்டேன். ஒலிப்பதிவில் குரல் கொடுத்தவர் கணீரென்று 'கூட்டத்தை நடத்திச் செல்கிறான் இந்தக் கொம்பன்' என்கிறார். திரையில் அந்தக் கொம்பனின் முன்னங்கால்களுக்கு நடுவே தலையை நுழைத்துக் குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கிறது. நான்கு இடங்களில் மறுபதிவு, செலவு முழுக்க என் கூலியில் பிடித்தம்.

ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. நம் ஆசிய யானையில் பெண்ணுக்கு இருந்தாலும் சிறு முளையாகத்தான் எட்டிப்பார்க்கும். அதனால் நம் காதுக்குக் கொம்பன் என்றாலே ஆண். ஆனால் ஆண் என்றாலே கொம்பன் இல்லை. தந்தமில்லாத ஆண் மக்னா. 2023 பிப்ரவரியில் தர்மபுரிப் பக்கம் பிடித்து ஆனைமலையில் விட்ட யானை கோவை வரை நடந்தே வந்ததே, அது மக்னா. அதே ஆண்டு கேரளத்தின் சின்னக்கானலில் பிடிபட்ட அரிக்கொம்பனோ பெயரிலேயே கொம்பு வைத்திருப்பவன். இலங்கைக்குப் போனால் கணக்கே தலைகீழ்: அங்கே ஆண்களிலும் மிகச் சிலவற்றுக்குத்தான் தந்தம். தம்பியின் பிரதியில் ஓரிடத்தில் 'கொம்பன் மக்னா' என்றிருந்தது. சிவப்பு மையில் வட்டம் போட்டேன், பேனா தாளைக் கிழித்துவிட்டது. தந்தம் இருக்கிறதா என்று தெரியாத ஆண் யானைக்குக் 'களிறு' போதும்.

கொம்பு மாட்டுக்குத்தானா?

யானைக்குக் கொம்பு என்பதே தப்பு என்று திருத்த வருகிறவர்கள் உண்டு. யானையுடையது மேல்தாடை வெட்டுப்பல், காட்டுப்பன்றியுடையது கோரைப்பல், சரிதான். ஆனால் சம்பந்தர் பன்றிக்கே 'ஏன முளைக்கொம்பு' என்று பாடிவைத்திருக்கிறார், அப்புறம் என்ன? பன்றிக்குத் 'தந்தம்' என்று எழுதினால்தான் எனக்கு இடறுகிறது.

கடல் யானை

தந்தமுள்ள வால்ரஸுக்கு இந்தப் பெயரைப் போடாதீர்கள். கடல் யானை என்பது சீல் வகையைச் சேர்ந்த வேறு விலங்கு.

எயிறு, மருப்பு

எயிறு பல், மருப்பு தந்தம். பழந்தமிழின் அழகான சொற்கள். வசனத்தில் வேண்டாம்.