கிராஃபிட்டி படங்கள் எடுத்த இடத்தைக் கண்டுபிடித்த விதம் – என் அனுபவம்

பழைய நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்த கிராஃபிட்டி (தெருச் சுவர்களில் தீட்டும் எழுத்து, ஓவியம்) படங்கள். எங்கே எடுத்தவை என்ற குறிப்பே இல்லை. படத்தைக் கொடுத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டால் சம்பந்தமில்லாத சுவர்களாக வந்து குவிந்தன. ஓவியத்தின் மேல் எப்போதோ பெயின்ட் அடித்திருப்பார்கள் என்பதால், ஜன்னல் வளைவு, மழைநீர்க் குழாய் என்று மாறாதவற்றை வைத்து ஸ்ட்ரீட் வியூவில் (கூகுள் மேப்ஸில் தெருக்களைப் படமாகப் பார்க்கும் வசதி) தேடினேன். எதுவும் பொருந்தவில்லை.

பிடி கிடைத்தது ஓரத்தில் நின்ற காரில். நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கினால் எழுத்துகள் இடவலம் மாறியிருந்தன! நெகட்டிவைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள். கிராஃபிட்டி எழுத்துகள் வளைந்து நெளிந்து கிடப்பதால் இது சட்டென்று கண்ணில் படாது.

படத்தைத் திருப்பிப் போட்டு, ஸ்ட்ரீட் வியூவில் பழைய ஆண்டுகளின் படங்களுக்குப் போனேன் (சில நகரங்களுக்கு 2007 வரை இருக்கிறது). அதே குழாய், அதே வளைவு, ஓவியத்தில் பாதி. அப்பாடா! மற்ற படங்களை ஃபிலிம் ஓரத்து ஃபிரேம் எண் வரிசையில் அடுத்தடுத்த தெருக்களில் பிடித்துவிட்டேன்.