ஸ்பேம் என்று குறித்துவிட்ட பிறகு: புகார்களைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளம்பிள்ளையில் வீட்டிலிருந்து சேலை விற்கும் ஒருவர், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒரே படத்தையும் ஒரே விலைக்குறிப்பையும் பத்து இருபது சமூக ஊடகக் குழுக்களில் பதிவிடுவார். ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களைப் பின்தொடர்வார். கண்ணில் பட்ட பதிவுகளின் கீழெல்லாம் ‘ரீசெல்லர் தேவை, வாட்ஸ்அப்பில் வாருங்கள்’ என்று எழுதுவார். வேண்டாத விளம்பரங்களை அள்ளிக் கொட்டும் ஸ்பேம் கணக்கு ஒன்றும் ஏறத்தாழ இவற்றையே செய்யும் என்பதால், கணக்குகளின் நடத்தையை மட்டும் அளந்து குறியிடும் எந்தக் கருவியும் இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிட வாய்ப்புண்டு. அந்தச் சேலைக்காரரிடமிருந்து வரும் புகாரை எப்படி எதிர்கொள்கிறோம் என்பதில்தான், கோவையிலோ ஈரோட்டிலோ அப்படியொரு கருவியை நடத்தும் சிறு குழுவின் நேர்மை தெரியவரும்.

முதல் தவறு, புகார் கொடுப்பவர் பெரும்பாலும் பொய் சொல்கிறார் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது. இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைச் சிறு கணக்கில் பார்த்துவிடலாம். 1,00,000 கணக்குகளில் 1,000 மட்டுமே ஸ்பேம் என்று வைத்துக்கொள்வோம். கருவி ஸ்பேம் கணக்குகளில் 95 விழுக்காட்டைப் பிடிக்கிறது. நல்ல கணக்குகளில் 1 விழுக்காட்டை மட்டும் தவறாகக் குறிக்கிறது. கேட்பதற்கு நல்ல கருவிதான். ஆனால் அது பிடித்த ஸ்பேம் கணக்குகள் 950 என்றால், தவறாகக் குறித்த நல்ல கணக்குகள் 990. குறியிடப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குற்றமற்றவர்கள். ஸ்பேம் கணக்குகள் குறைவாக உள்ள இடத்தில் கருவியை ஓட்டும்போதெல்லாம் இந்த நிலை வரும். ‘எங்கள் கருவியின் துல்லியம் 99 விழுக்காடு’ என்று புகார்தாரருக்குப் பதில் எழுதுவது இதனாலேயே பொருளற்றது. ஸ்பேம் நடத்துபவர்களும் புகார் கொடுப்பார்கள் என்பது உண்மைதான். அதற்காக எல்லாரையும் ஐயத்தோடு பார்க்க வேண்டியதில்லை, ஒவ்வொரு கணக்கையும் பார்த்தால் போதும்.

அடுத்தது, இரண்டு வகைப் புகார்களை ஒரே வரிசையில் நிறுத்துவது. ‘என்னைத் தவறாகக் குறித்துவிட்டீர்கள்’ என்பது ஒரு வகை. ‘இந்தக் கணக்கை ஏன் இன்னும் குறிக்கவில்லை’ என்பது மற்றொன்று. முன்னதில் ஒருவருடைய பிழைப்பு நின்றுபோயிருக்கலாம். பின்னதில் உண்மையான அக்கறையும் இருக்கும், ஒரே கடைவீதியில் போட்டியாக விற்பவரைக் கவிழ்க்க ஆள் சேர்த்துக் கொடுக்கும் புகாரும் இருக்கும். ஒரு கணக்கின் மேல் ஒரே மணி நேரத்தில் ஒரே சொற்களில் பல புகார்கள் வந்தால், அந்த எண்ணிக்கையையே சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதில் எழுதும் விதத்தில் நேரும் தவறு எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. இப்படி ஒரு புகார் வருவதாகக் கொள்வோம்: “ஏனுங்க, எங்க பேஜை ஸ்பேம்னு போட்டுட்டீங்களாமா. நாங்க ஊட்டுல இருந்து சேலை விக்கறவங்கங்க. தீபாவளி வேவாரமே இப்பத்தானுங்க. என்ன தப்புன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கறமுங்க.” இதற்கு, ‘உங்கள் கணக்கு எங்கள் வழிகாட்டு நெறிகளை மீறியுள்ளது, இம்முடிவு இறுதியானது’ என்று ஆங்கிலத்தில் ஓர் ஆயத்தப் பதில் போனால், கேட்டவருக்கு எதுவும் விளங்காது. அதே புகாருக்கு இப்படி எழுதலாம்: “வணக்கம். ஒரே பதிவைக் குறுகிய நேரத்தில் பல குழுக்களில் இட்டது என்ற காரணத்தால் உங்கள் கணக்கு குறியிடப்பட்டது. எங்கள் குழுவில் ஒருவர் உங்கள் பதிவுகளைப் படித்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடிவைத் தெரிவிப்பார். அதுவரை உங்கள் கணக்கின் மேலுள்ள குறி ‘பரிசீலனையில்’ என்று காட்டப்படும்.” இதில் காரணம் இருக்கிறது, கெடு இருக்கிறது, பார்க்கப்போவது மனிதர் என்ற உறுதியும் இருக்கிறது. மன்னிப்பு வாசகங்களை அடுக்குவதைவிட இந்த மூன்றும் மேலானவை.

காரணத்தைச் சொன்னால் ஸ்பேம் நடத்துபவர்கள் தப்பிக்க வழி கற்றுக்கொள்வார்கள் என்று சிலர் வாயே திறப்பதில்லை. எத்தனை பதிவுக்கு மேல் போனால் குறி விழும் என்ற எல்லையை வெளியிடத் தேவையில்லை என்பது சரியே. ஆனால் எந்த வகை நடத்தை என்பதை மறைக்க நியாயம் இல்லை. பெரிய தளங்களுக்குச் சட்டமே இதைச் சொல்கிறது. இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்கள் தாமாக ஒரு பதிவை நீக்கினால், காரணத்தைத் தெரிவித்து, மறுத்துப் பேசும் வாய்ப்பையும் கொடுக்கச் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், இத்தகைய புகார்களின் முடிவைத் தானியங்கி முறையிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்கிறது. புகார் கொடுக்க ஆறு மாதமாவது அவகாசம் தர வேண்டும் என்றும் வகுத்திருக்கிறது. சிறு குழுவின் கருவியை இந்தச் சட்டங்கள் நேராகக் கட்டுப்படுத்தாமல் போகலாம். இருந்தாலும் பெரிய தளத்திடம் நாம் எதிர்பார்க்கும் நியாயத்தை நம்மிடம் வருபவருக்கு மறுப்பது முறையல்ல.

மனிதர் ஒருவர் பார்த்தால் மட்டும் போதாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கருவி கொடுத்த ‘ஸ்பேம் வாய்ப்பு 92’ என்ற மதிப்பெண்ணைத் திரையின் உச்சியில் வைத்துக்கொண்டு ஆராய்பவர், அந்த எண்ணுக்குச் சாட்சி தேடுவாரே தவிர, கணக்கைப் புதிதாகப் பார்க்கமாட்டார். பதிவுகளையும், கீழே வாடிக்கையாளர்கள் கேட்டிருக்கும் கேள்விகளையும், அவற்றுக்கு வந்த மறுமொழிகளையும் முதலில் படித்துத் தம் முடிவைக் குறித்துக்கொண்ட பிறகே மதிப்பெண்ணைத் திறக்க வேண்டும். “இந்த மாம்பழக் கலர் இருக்குங்களா?” என்று கேட்டவருக்கு “ஒண்ணுதானுங்க மிச்சம்” என்று பதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரி சொல்வதைப் பதிவுகளின் எண்ணிக்கை சொல்லாது.

உண்மையான ஆள்தான் என்று நிரூபிக்க ஆதார் நகலைக் கேட்பது பெருந்தவறு. அந்தக் கோப்புகளைப் பாதுகாக்கும் வசதி சிறு குழுவிடம் இருக்காது. ஆதார் கையில் இருப்பவர் ஸ்பேம் அனுப்பமாட்டார் என்றும் இல்லை. அந்தக் கணக்கிலிருந்தே நாம் தரும் ஒரு சொல்லைப் பதிவிடச் சொன்னால், கணக்கு அவர் கையில்தான் இருக்கிறது என்பது உறுதியாகிவிடும்.

புகார் நியாயம் என்று தெரிந்ததும் அந்தக் கணக்கை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டுக் கோப்பை மூடுவதையே எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி விடுதியில் தங்கியிருப்பவர்கள் எல்லாரும் ஒரே வைஃபையில் இருப்பார்கள். மொபைல் நிறுவனங்களும், இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி ஒன்றைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ‘ஒரே முகவரியிலிருந்து பல கணக்குகள்’ என்ற விதி அந்த விடுதி முழுவதையும் குறிக்கும். பழனிசாமி, சுப்பிரமணியம் என்ற பெயர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர்களில், பெயருக்குப் பின்னால் எண்களைச் சேர்த்தால்தான் கணக்கே கிடைக்கும். ‘பெயரில் எண்கள்’ என்பதும் ஒரு தடயமாக எண்ணப்பட்டிருந்தால் அவர்கள் அனைவரும் மாட்டுவார்கள். புகார் கொடுத்த ஒருவரை விடுவித்துவிட்டால் மற்றவர்கள் அப்படியே கிடப்பார்கள். மேலும், விலக்குப் பட்டியலில் உள்ள கணக்கு நாளை விற்கப்படலாம், களவும் போகலாம். அப்போது அது உண்மையிலேயே ஸ்பேம் அனுப்பினாலும் கருவி கண்டுகொள்ளாது. எனவே விலக்குக்குக் காலக்கெடு வேண்டும். எந்த விதியால் குறி விழுந்தது என்பதை ஒவ்வொரு புகாரிலும் பதிந்து, ஒரே விதி திரும்பத் திரும்ப வந்தால் அந்த விதியையே திருத்த வேண்டும்.

புகார்கள் குறைந்துவிட்டதைக் கருவி தேறிவிட்டதன் அடையாளமாகக் கொள்வதும் சரியல்ல. படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தாலோ, முதல் புகாருக்கு விடையே வராமல் போனாலோ, மக்கள் புகார் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். குறியிடப்பட்டும் புகார் கொடுக்காத கணக்குகளிலிருந்து சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து மாதந்தோறும் சரிபார்த்தால்தான் உண்மை நிலை புலப்படும்.

குறியை நீக்கியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கருவியின் பட்டியலை இறக்கிப் பயன்படுத்திய சமூக ஊடகக் குழுக்களின் நிர்வாகிகளிடமும் பிற செயலிகளிடமும் பழைய குறி அப்படியே இருக்கும். அவர்களுக்குத் திருத்தப் பட்டியல் தானாகப் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். குறி எந்தத் தேதியில் நீக்கப்பட்டது என்பதைத் தமிழில் எழுதி, புகார்தாரருக்கும் ஒரு நகல் அனுப்பினால், தம்மை நீக்கிய குழு நிர்வாகியிடம் அதைக் காட்டி அவர் மீண்டும் சேர்ந்துகொள்ள முடியும்.