ஊட்டி மலை ரயிலில் குடும்பத்தோடு: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு மலை ரயில் செல்லும் தூரம் 46 கிலோமீட்டர்தான். பேருந்தில் ஏறினால் போக்குவரத்து நெரிசல் இல்லாத நாளில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஊட்டியில் இறங்கிவிடலாம். மலை ரயிலுக்கோ ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. சனி, ஞாயிறோடு இன்னொரு நாளைச் சேர்த்துக்கொண்டு கிளம்பும் குடும்பங்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, இந்த ரயிலை ஊட்டிக்குப் போய்ச் சேர்வதற்கான ஒரு வண்டியாக மட்டும் கருதித் திட்டம் போடுவதில்தான் தொடங்குகின்றன.

ரயில் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் திட்டமிடுவது எளிது. கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் கிளம்பும் ரயில் 2,203 மீட்டர் உயரம் வரை ஏற வேண்டும். வழியில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். மலையடிவாரத்தில் உள்ள கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடி தூரத்துக்கு 1 அடி என்ற அளவுக்குச் செங்குத்தான ஏற்றம். சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே பதிக்கப்பட்ட பற்கள் கொண்ட இரும்புப் பட்டையை இன்ஜினின் பல்சக்கரம் கவ்வி ஏறுகிறது. அந்தப் பகுதியில் வேகம் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். பாதுகாப்புக்காக இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும்; ஆகவே இன்ஜினை அருகிலிருந்து பார்க்கலாம் என்று மேலே செல்லும்போது முன்பெட்டியைத் தேடி ஓடுவதில் பயனில்லை.

மூன்று நாள் விடுமுறையில் போகும்போதும் வரும்போதும் மலை ரயிலிலேயே வருவதாகத் திட்டமிடுவது முதல் தவறு. ஏறுவதற்கு ஐந்து மணி நேரம், இறங்குவதற்கு மூன்றரை மணி நேரம் என்று ஒரு முழுப் பகலே ரயிலில் கழிந்துவிடும். இரண்டாவது முறை அதே குகைக்குள் நுழையும்போது குழந்தைகள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு வழி ரயில், மறு வழி பேருந்து என்று வைத்துக்கொள்வதே என் அனுபவத்தில் சரியாக வருகிறது. பகல் 2 மணிக்கு ஊட்டியிலிருந்து கிளம்பும் ரயிலில் இறங்கி வருவது, அதிகாலையில் எழுப்பினால் சிணுங்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இன்னும் நல்லது. மிகச் சிறிய குழந்தை இருந்தால் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே மட்டும் சென்று வரலாம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். ஆனால் பிள்ளைகளுக்கு நீராவி இன்ஜினைக் காட்ட வேண்டும் என்று குன்னூரில் ஏறுபவர்கள் ஏமாந்துபோவார்கள். நீராவியும் பல்சக்கரமும் மேட்டுப்பாளையம் பக்கத்தில்தான். குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜின்தான்.

அடுத்தது பயணச்சீட்டு. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கிறது. தொடர் விடுமுறை, மே மாதம் என்றால் அன்று காலையிலேயே இடங்கள் தீர்ந்துவிடும். விடுதியையும் அலுவலக விடுப்பையும் முதலில் உறுதி செய்துவிட்டு, ரயிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களே அதிகம். வரிசையைத் தலைகீழாக மாற்றி, ரயிலில் இடம் கிடைத்த தேதிக்கு மற்றவற்றை அமைத்துக்கொள்வதே முறை. இணையத்தில் எடுத்த சீட்டில் உள்ள அனைவரும் காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுவிட்டால், அந்தச் சீட்டு தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. முன்பதிவில்லாத இடத்தை நம்பிப் பாட்டியையும் பேரனையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் வரிசையில் நிற்பது வேண்டாம். கோடைக்கும் பண்டிகை விடுமுறைக்கும் சிறப்பு ரயில்கள் விடுவதுண்டு; கட்டணம் கூடுதல் என்றாலும் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு என்பதால் அந்த அறிவிப்புகளைக் கவனித்து வருவது நல்லது.

ஆறு பேருக்கு மேல் ஒரே சீட்டில் பதிவு செய்ய முடியாது என்பது பலருக்குத் தெரியும். அதன் விளைவு மலை ரயிலில் என்ன என்பதுதான் தெரிவதில்லை. இந்தப் பெட்டிகளுக்குள் மற்ற ரயில்களைப் போல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போக வழி கிடையாது. ஒவ்வோர் அறைக்கும் வெளிப்பக்கம் தனிக் கதவு. நாங்கள் எட்டுப் பேர் போனபோது இரண்டு சீட்டுகளாக எடுத்ததில், பிள்ளைகளும் நானும் ஒரு பெட்டியிலும், புளியோதரைப் பொட்டலங்களும் அவற்றைக் கட்டிய என் மனைவியும் வேறொரு பெட்டியிலுமாக உட்கார நேர்ந்தது. ரயில் நிற்கும் வரை பசித்த பிள்ளைகளுக்கு என்னிடம் இருந்தது ஒரு பொட்டலம் கடலை மிட்டாய்தான். எட்டுப் பேர் என்றால் நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் பெரியவர்களும் சாப்பாடும் தண்ணீரும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தனி இருக்கை கேட்டால், ஐந்து வயது நிறைந்த பிள்ளைக்கும் முழுக் கட்டணம்தான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிறது. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வருபவர்கள் ஆறேகால், ஆறரை மணிக்கு இறங்கி, அதே நிலையத்தில் ரயில் மாறிக்கொள்ளலாம். அது இதற்கென்றே அமைந்த இணைப்பு. கோயம்புத்தூரில் இரவு தங்கிவிட்டுக் காலையில் உள்ளூர் ரயிலில் வந்துவிடலாம் என்று நினைப்பதுதான் ஆபத்து; மலை ரயிலைத் தவறவிட நேரும். அதிகாலைப் பேருந்தையோ காரையோ நம்பி, தூங்கும் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவதைவிட, முதல் நாள் இரவு மேட்டுப்பாளையத்திலேயே தங்கிவிடலாம்.

பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. இதை முன்பே தெரிந்துகொள்ளாமல் வந்து திண்டாடும் பெரியவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கலாம். ஏறுவதற்கு முன் நிலையத்திலேயே அனைவரும் போய்விட்டு வர வேண்டும். நீரிழிவு உள்ளவர்களை வாசல் பக்கம் உட்கார வைத்தால், ரயில் நிற்குமிடத்தில் முதலில் இறங்கலாம். இன்ஜின் தண்ணீர் பிடிப்பதற்காக ரயில் ஹில்குரோ நிலையத்தில் சிறிது நேரம் நிற்கும்போது டீ, வடை கிடைக்கும். குரங்குகளும் அங்கேதான் காத்திருக்கின்றன. நடைமேடையில் நின்று பொட்டலத்தைப் பிரித்தவரின் கையிலிருந்து இட்லி போனதைக் கண்ணால் பார்த்தேன். குரங்கு தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்து, இலையை மட்டும் திருப்பிப் போட்டது. சாப்பாட்டைப் பெட்டிக்குள், சன்னலை மூடிவிட்டுப் பிரிப்பதே நல்லது. நீலகிரியில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், கடையில் வாங்கிய தண்ணீர்ப் பாட்டில்களைச் சுமந்து செல்லாமல் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில்களைக் கொண்டு போக வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, மழைக்காலத்தில் மாற்று ஏற்பாடு இல்லாமல் கிளம்புவது. கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பாதை மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை அந்தச் சரிவில்தான் கொட்டும். ஓர் இரவு மழைக்குப் பாறையும் மரமும் தண்டவாளத்தில் சரிந்தால், மறுநாள் காலை ரயில் கிடையாது. சில ஆண்டுகளில் நாட்கணக்கிலும் நின்றிருக்கிறது. தீபாவளி விடுமுறை இந்த மாதங்களில்தான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ரயில் முழுவதுமாக ரத்தானால் இணையச் சீட்டின் பணம் திரும்பி வந்துவிடும். ஆனால் குடும்பத்தோடு நிற்பவருக்கு அப்போதைய கவலை பணமன்று. பேருந்து நிலையம் அருகிலேயே இருக்கிறது. அரசுப் பேருந்தில் போனால் எந்த அனுமதியும் வேண்டியதில்லை. கார் பிடிப்பதானால், வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு கட்டாயம் என்பதால், அந்த வண்டிக்கு இ-பாஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே ஏற வேண்டும். பனியும் வெயிலும் கலந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களே இந்தப் பயணத்துக்கு ஏற்றவை என்பது என் எண்ணம்; கூட்டமும் குறைவு.

நண்பகல் வாக்கில் ஊட்டியில் இறங்கியதும் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என்று அன்றைக்கே எல்லாவற்றையும் முடித்துவிடத் துடிப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: அன்றைக்கு ஓர் இடம் போதும்.

திரும்பும் நாளில் மலை ரயிலில் இறங்குவதாக இருந்தால், அன்று மாலையே கோயம்புத்தூரில் விமானமோ வேறு ரயிலோ பிடிப்பதாகத் திட்டமிடக் கூடாது. மேட்டுப்பாளையம் வந்து சேரும்போதே மணி ஐந்தரையைத் தாண்டியிருக்கும். வழியில் யானை நின்றால் அதற்கும் மேலே. இரவு ஒன்பது மணிக்கு மேல் அங்கிருந்தே கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் இதற்குப் பொருந்தும். இடையில் நிலையத்துக்கு வெளியே சாப்பிட்டு முடித்து, இனித் தேவைப்படாத ஸ்வெட்டர்களைக் கழற்றிப் பையில் திணித்துக்கொள்ளவும் நேரம் இருக்கும்.