கடைசி இடத்தில் இருக்கும் அணியின் ரசிகர் செய்யக்கூடாத தவறுகள்

2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் நான்கில்தான் வென்றது; முதல்முறையாகப் புள்ளிப் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தது. ஐந்து கோப்பை பார்த்த ரசிகருக்குத் தோற்றுப் பழக்கமில்லை. தடுமாற்றமெல்லாம் அதனால்தான்.

முதல் தவறு, நெட் ரன் ரேட்டை, அதாவது புள்ளிகள் சமமானால் யார் மேலே என்று முடிவு செய்யும் எண்ணை, தப்பாகப் போட்டு நம்பிக்கை வளர்ப்பது. ஏப்ரல் 11 சேப்பாக்கம் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னை 20 ஓவரில் 103. கொல்கத்தா 10.1 ஓவரில் 107 எடுத்து முடித்துவிட்டது. 10.1 என்றால் பத்து ஓவரும் ஒரு பந்தும். ஒரு பந்து ஓவரில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே கால்குலேட்டரில் 10.167 என்று போட வேண்டும். கொல்கத்தாவுக்கு ஓவருக்கு 10.52, சென்னைக்கு 5.15, வித்தியாசம் மைனஸ் 5.37.

இப்படி ஆட்டத்துக்கு ஆட்டம் வரும் எண்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதும் தப்பு. சீசன் முழுக்க அடித்த ரன்னை ஆடிய ஓவரால் வகுத்து, அதிலிருந்து கொடுத்த ரன்னை வீசிய ஓவரால் வகுத்ததைக் கழிக்க வேண்டும். 14 ஓவரில் ஆல் அவுட் ஆனாலும் கணக்கில் 20 ஓவர்தான். ஏப்ரல் 11-ன் அந்த ஒரு ராத்திரியை ஈடுகட்ட, 20 ஓவரில் 170 அடித்து, எதிரணியை 20 ஓவரில் 150-ல் நிறுத்தும் வெற்றி நான்கு வேண்டும். அப்போதும் பூஜ்யத்துக்கு ஒரு நூல் கீழேதான்.

கணக்கு தெரிந்தால் ஆட்டமே வேறு மாதிரித் தெரியும். 2024 மே 18 அன்று பெங்களூரு 218 அடித்தது. வெற்றிக்கு 219 வேண்டும்; ஆனால் தோற்றுப் புள்ளி சமமானாலும் ரன் ரேட்டில் முந்தி, முதல் நான்கு அணிகள் ஆடும் பிளே ஆஃபுக்குப் போக 201 போதும். சென்னை எடுத்தது 191. தோற்றது 27 ரன்னில், வெளியே போனது பத்து ரன்னில்.

அடுத்தது, ஒரு ஆளுக்காக அணியை மறப்பது. தோனி இறங்க வேண்டும் என்று சொந்த அணியின் விக்கெட் விழுந்தால் விசில் அடிக்கும் வழக்கம் சேப்பாக்கத்துக்கு வந்து பல வருடமாகிறது. தான் முன்னால் இறங்கினால் எப்போது அவுட் ஆவேன் என்று காத்திருப்பார்கள் என 2023-ல் சென்னை வீரர் ஜடேஜாவே சிரித்தபடி சொன்னார். 2025 மார்ச் 28-ல் ஒன்பதாவது ஆளாக வந்த தோனி 16 பந்தில் 30 அடித்தார். அணி 50 ரன்னில் தோற்றது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூருவிடம் முதல் தோல்வி அது. அந்த இரண்டு சிக்ஸரை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவர்களுக்கு, சேஸிங் முதல் ஆறு ஓவரான பவர்பிளேயிலேயே கைவிட்டுப் போனது தெரியாமலே போயிற்று.

வீரரின் குடும்பத்தைத் திட்டுவதைத் தவறு என்று சொல்வதுகூடக் குறைவு. 2020-ல் தோனியின் சின்னஞ்சிறு மகளைக் குறித்து மிரட்டல் எழுதியதற்காகக் குஜராத்தில் 16 வயதுப் பையன் பிடிபட்டான்.

பலர் செய்வது, 'எலிமினேட்' ஆனதும் டிவியை அணைப்பது. 2025 ஏப்ரல் 30-ல் பஞ்சாபிடம் தோற்றுச் சென்னை வெளியேறியது. மூன்றே நாளில் பெங்களூருவில் 17 வயது ஆயுஷ் மாத்ரே 48 பந்தில் 94 அடித்தார். தோல்வி இரண்டே ரன்னில். அடுத்த ஆட்டத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக பிரெவிஸ் 25 பந்தில் 52. கடைசி ஆட்டத்தில் 230 குவித்து குஜராத்தை 83 ரன்னில் வென்றார்கள். மாத்ரே, பிரெவிஸ் இருவருமே சீசன் நடுவில் மாற்று வீரர்களாக வந்தவர்கள். இழக்க ஒன்றுமில்லாத அணிதான் புது ஆளைத் துணிந்து இறக்கும். அந்த ஆட்டங்களில் ஸ்கோரை விடுங்கள். முதல் ஆறு ஓவரில் யார் தைரியமாக ஆடுகிறார், 7 முதல் 15 வரை ரன் வராத டாட் பால் எத்தனை, 19-வது ஓவர் யார் கையில் என்று பாருங்கள்.

'2020-ல் ஏழாமிடம், 2021-ல் கப். 2022-ல் ஒன்பதாமிடம், 2023-ல் கப். அப்போ அடுத்ததும் நமக்குத்தான்' என்பது ஜோசியம். 2021-ல் மொயீன் அலி புதிதாக வந்தார். ருதுராஜ் 635, டு பிளெசி 633 ரன் அடித்தார்கள். 2023-ல் ரஹானே வந்தார். என்ன மாறியது என்று கேட்காமல் வரிசையை மட்டும் எண்ணிப் பயனில்லை. பெங்களூரு ரசிகர் முதல் கப்புக்கு 18 சீசன் காத்திருந்தார்.

கடைசியாக, ஜெர்சி. அணி சரிந்தால் ஆட்கள் மாறுவார்கள். 2025 நவம்பரில் ஜடேஜாவே ராஜஸ்தானுக்குப் போய்விட்டார். முதுகில் பெயர் போட்டு வாங்குவதாக இருந்தால், அடுத்த சீசனுக்கு அணி யாரை வைத்துக்கொள்கிறது என்று சொல்லும் தக்கவைப்புப் பட்டியல் வரும்வரை பொறுங்கள்.