வெறுப்பேற்றும் கதைசொல்லியைப் படமாக்கும்போது நடக்கும் தவறுகள்

பதின்பருவ நாவலில் கதைசொல்லியே நமக்குப் பிடிக்காத ஆளாக இருந்தால், அவன் சொல்வதற்கும் உண்மையில் நடப்பதற்கும் இடையிலுள்ள தூரம்தான் கதை. புத்தகத்தில் அவன் கண்ணை விட்டால் வேறு கண் நமக்கு இல்லை. படத்தில் கேமரா வந்துவிடுகிறது. அது அவனுக்காகப் பொய் சொல்லாது. இதை மறந்தால் தழுவல் கெடும்.

டிம் தார்ப் 2008இல் எழுதிய ‘தி ஸ்பெக்டாகுலர் நவ்’ நாவலையும், ஜேம்ஸ் பான்சோல்ட் இயக்கிய 2013ஆம் ஆண்டுப் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பள்ளி இறுதியாண்டு மாணவன் சட்டர்தான் கதைசொல்லி. கலகலப்பானவன், எப்போதும் குடிப்பவன். ஏமி என்ற அமைதியான பெண்ணைக் ‘கைதூக்கி விடுகிறேன்’ என்று நம்பியே அவளையும் குடிக்கப் பழக்குகிறான்.

நாவல் வரிகளை வாரியெடுத்துப் பின்னணிக் குரலாக்குவது பலரும் செய்யும் தவறு. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். இந்தப் படம் 95 நிமிடம்தான். சட்டரின் பேச்சு சாமர்த்தியத்தை முழுக்க உள்ளே விட்டால், பார்ப்பவர்களும் அவனோடு சேர்ந்து சிரித்துவிட்டு ஏமியை மறந்துவிடுவார்கள். படம் இதற்குக் கண்டுபிடித்த வழி, நாவலில் இல்லாத கல்லூரி விண்ணப்பக் கட்டுரை: கல்லூரியில் சேர சட்டர் தன்னைப் பற்றி எழுதும் அந்தக் கட்டுரையே பின்னணிக் குரலாகிறது. யாரிடம் பேசுகிறான், எதற்காகப் பேசுகிறான் என்பது தெளிவாகிறது. குரலும் தேவையான இடத்தில் மட்டும் வருகிறது. உங்கள் திரைக்கதையில் குரல் வரும் ஒவ்வொரு இடத்திலும் அதை எடுத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். காட்சி குறையவில்லையென்றால் அந்தக் குரல் வேண்டாம்.

அவனுடைய சோகத்தைச் சீக்கிரமே சொல்லிவிடுவது இன்னொரு தவறு. பொறுப்பற்ற அப்பாவைப் பத்தாவது நிமிடத்தில் காட்டியிருந்தால், சட்டர் செய்யும் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே மன்னிப்பு கிடைத்திருக்கும். அந்தச் சந்திப்பைப் படம் பின்பாதி வரை தள்ளிவைக்கிறது. அதற்குள் அவனால் என்னென்ன கெடுகிறது என்பதை நாம் பார்த்துவிட்டோம். அப்பாவைக் கண்டதும் காரணம் புரிகிறது, ஆனால் கணக்கு தீரவில்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது, அவன் செய்யும் கெடுதலை மங்கலாக்குவது. ‘குடிப்பழக்கம் உள்ளவன்’ என்று யாரோ வசனத்தில் சொன்னால் போதாது. சட்டரின் கையை விட்டு நீங்காத, மது கலந்த அந்தப் பெரிய கப் தெரிய வேண்டும். ஏமிக்கு அவன் மதுக்குடுவையைப் பரிசாகக் கொடுப்பது அவனைப் பொறுத்தவரை அன்பு. ஆனால் கேமரா அவன் புன்னகையோடு நின்றுவிடக் கூடாது. பரிசை வாங்குகிறவள் முகத்தில் நிற்க வேண்டும். அவளுக்குத் தனி முகம், தனி ஆசை, தனி மௌனம் எழுதாவிட்டால் இப்படிப்பட்ட கதை அவனுக்கான விளம்பரமாகிவிடும்.

அடுத்தது முடிவு. கடைசிப் பத்து நிமிடத்தில் திருந்த வைக்கும் ஆசை எல்லாத் தயாரிப்பிலும் எழும். நாவலில் சட்டர் திருந்துவதில்லை. ஏமியை விட்டு விலகி, அவளுக்கு நல்லதுதான் செய்தோம் என்ற நினைப்பில் மேலும் குடிக்கிறான். எனக்கு அந்த முடிவே சரியென்று படுகிறது. துணிச்சலும் அதில்தான் இருக்கிறது. படத்தில் அவன் அவளைத் தேடிப் போகிறான். அது மென்மையான மாற்றம்தான். ஆனாலும் மன்னிப்பை எழுதிக் கொடுக்கவில்லை: அவனைப் பார்த்த ஏமி பதில் சொல்லும் முன்பே, அவள் முகத்தோடு படம் முடிந்துவிடுகிறது.