அறுபதுக்கு மேல் குடியை விட நினைப்பவர்களுக்கு

எனக்கு 67 வயது. பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். ரிட்டயர் ஆன பிறகுதான் குடி கூடியது. சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர் கேட்கும்போதெல்லாம் "கொஞ்சம்தான் சார்" என்பேன். அவரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லை முதலில் விடுங்கள். ஒரு வாரம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி. இங்கே 90 மில்லி பாக்கெட், 180 மில்லி குவார்ட்டர் என்றுதான் வாங்குகிறோம், கணக்கு சுலபம். 30 மில்லி விஸ்கியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால்; ஒரு குவார்ட்டர் 60 கிராம். வயதாக ஆக உடம்பில் நீர் குறைவதால் அதே குவார்ட்டர் முன்பைவிட அதிகமாக ஏறும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து.

அப்புறம், தினமும் குடிப்பவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். மறுநாள் காலை காபி டம்ளரை எடுத்தால் கை ஆடி வேட்டியெல்லாம் கொட்டியது. மூன்றாம் நாள் ராத்திரி பெட்ஷீட்டில் எறும்புகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தேன். "ஏங்க, எறும்பே இல்லைங்க" என்று என் மனைவி அழுதாள். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். கடைசியாகக் குடித்து இரண்டு மூன்று நாளில் வலிப்போ இப்படிப்பட்ட குழப்பமோ வந்தால் உயிருக்கே ஆபத்து, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையும் வைட்டமின் பி1-ம் கொடுத்து நிறுத்துவதுதான் சரியான வழி.

ஓசூர் ரோடு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போங்கள். பழைய சீட்டுகள், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள், அந்தக் காலண்டர் தாள், இவற்றோடு வீட்டில் ஒருவரையும் கூட்டிப்போங்கள். வெளியே போகத் தயக்கமா? 14446 போதை மீட்புக்கான உதவி எண். 14416 டெலி மானஸ், மனசு சரியில்லை என்றால் தமிழிலேயே பேசலாம். இரண்டும் இலவசம்.

வீட்டுப் பெண்களுக்கு ஒன்று கைகூப்பிக் கேட்கிறேன். யாரோ கொடுத்த பொடியைச் சாம்பாரில் கலந்து தெரியாமல் கொடுக்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் என்ற, குடியை நிறுத்தத் தரும் மருந்து இருக்கலாம். அது உள்ளே போன பிறகு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, பிரஷர் படுத்துவிடும். இதயம் பலவீனமான வயதானவர் அதில் பிழைக்காமலும் போகலாம். அது அவர் சம்மதத்தோடு, டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்தான். ஆசையைக் குறைக்க வேறு மருந்துகளும் உண்டு. கல்லீரல், சிறுநீரகம் பார்த்துத் தருவார்கள்.

மாத்திரை போதும் என்று நினைத்தேன். போதவில்லை. சாயங்காலம் ஆறரை மணிதான் கஷ்டம். அந்த நேரத்துக்கு ஒரு இடம் வேண்டும். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போனேன். கட்டணம் இல்லை, முழுப் பெயர் கேட்பதில்லை. உங்களுக்கு ஓடும் மொழியில் நடக்கும் கூட்டமாகக் கேட்டுப் போங்கள். நான் முதல் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. மூன்றாம் வாரம் எழுந்து, "தினமும் ஒன்றரை குவார்ட்டர்" என்று முழு அளவையும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு டீ எடுத்து வந்து கொடுத்தார்.