முதல் பீரை நாலு லிட்டரில் தொடங்குங்கள்

வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி உண்டென்றால், எடுத்த எடுப்பிலேயே இருபது லிட்டர் வேண்டாம். நாலு லிட்டர் என்றால் சமையலறை அடுப்பே போதும்.

தேவையானவை: உலர்ந்த மால்ட் தூள் 500 கிராம், ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தரும் பூ) 10 கிராம், ஏல் ஈஸ்ட் (ஏல் வகை பீருக்கான ஈஸ்ட்) 3 கிராம், ஏர்லாக் (உள்வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பு) பொருத்திய ஆறு லிட்டர் கலன், தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர் (தண்ணீரோடு ஒப்பிட்டுச் சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவி). மால்ட் தூள் என்பது முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாற்றைக் காயவைத்தது.

காய்ச்சுதல்

பெரிய பாத்திரத்தில் நாலரை லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டுத் தூளைக் கட்டியில்லாமல் கரையுங்கள். தீ எரியும்போதே கொட்டினால் அடிப்பிடிக்கும். திரும்பக் கொதி வரும்போது பால் மாதிரி பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். நுரை அடங்கியதும் ஹாப்ஸில் 7 கிராம் போட்டு, மூடாமல் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். கசப்பு இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். மீதி 3 கிராம் கடைசி ஐந்து நிமிடத்தில், வாசனைக்காக.

ஆறவைத்தல்

பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து 20 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவாருங்கள். இனிமேல்தான் உண்மையான கவனம் வேண்டும். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. கலன், மூடி, கரண்டி, ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல்கூடக் கிருமிநீக்கியில் நனைய வேண்டும். வெறுமனே கழுவிய ஒரு ரப்பர் குழாயால் என் இரண்டாவது பீர் முழுக்கப் புளித்துப்போனது. உள்ளே கீறல் விழுந்த குழாய், பிளாஸ்டிக் வாளி எதையும் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

ஆறிய சாற்றைக் கலனில் ஊற்றுங்கள். அளவு குறைந்திருந்தால் காய்ச்சி ஆறிய தண்ணீரால் நாலு லிட்டராக்கலாம். ஹைட்ரோமீட்டரில் 1.045 அருகே காட்டும், குறித்து வையுங்கள். நன்றாகக் குலுக்கி ஈஸ்ட்டைத் தூவுங்கள்.

நொதித்தல்

18 முதல் 20 டிகிரி, இருட்டான இடம், இரண்டு வாரம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாற்றமடிக்கும். சூடு 25-ஐத் தாண்டினால் நெயில் பாலிஷ் வாடை வரலாம். மறுநாள் மேலே பழுப்பு நுரை கட்டும். திறந்து பார்க்கக் கை பரபரக்கும், திறக்காதீர்கள்.

ஏர்லாக்கில் குமிழி நின்றால் நொதித்தல் முடிந்தது என்று நம்பிவிட வேண்டாம். ஹைட்ரோமீட்டர் 1.010 அருகே வந்து, மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். தொடக்க, முடிவு அளவுகளின் வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம்: இங்கே சுமார் 4.6.

பாட்டிலில் அடைத்தல்

பாட்டிலுக்குள் வாயு உண்டாக, 24 கிராம் சர்க்கரையை எடைபோட்டு, கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, கிருமிநீக்கிய வேறொரு பாத்திரத்தில் ஊற்றுங்கள். அதன்மேல் பீரைச் சலசலக்காமல் குழாய் வழியே இறக்குங்கள். அடியில் படிந்த ஈஸ்ட் வரக்கூடாது. பிறகு பாட்டில்களில் நிரப்பி மூடுங்கள். அழுத்தம் தாங்கும் பீர் பாட்டில்களே வேண்டும். நொதித்து முடியாமலோ சர்க்கரை கூடுதலாகவோ அடைத்தால் கண்ணாடி வெடிக்கும், ஆளைக் காயப்படுத்தும்.

அறை வெப்பத்தில் இன்னும் இரண்டு வாரம், அப்புறம் ஒரு நாள் ஃபிரிட்ஜில். டம்ளரைச் சாய்த்து மெதுவாக ஊற்றி, அடியில் ஒரு விரல் அளவு பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.